மிட்விச்சுக்கு வந்தவர்களும் வாணியைத் தேடி வந்தவர்களும்

வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்துபோகும் இரண்டு பழைய படங்களைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒன்று 1960-இல் வெளிவந்த பிரிட்டிஷ் படம், 'வில்லேஜ் ஆஃப் தி டேம்ன்ட்'. மற்றது 1963 ஏப்ரலில் வெளிவந்த நம்முடைய 'கலை அரசி'. நடுவே மூன்றே வருஷ இடைவெளி. முதல் படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சில இடங்களில் வியப்பும் வருகிறது. பயம் மட்டும் துளிகூட வருவதில்லை. அது ஏன் என்பதுதான் என் பேச்சு.

பிரிட்டிஷ் படத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மிட்விச் என்று ஓர் ஆங்கிலேயக் கிராமம். காலை பதினோரு மணி. ஜெல்லபி என்ற பேராசிரியர் மைத்துனரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு பாதியில் நிற்கிறது, ஆள் சரிந்து விழுகிறார். பக்கத்தில் அவருடைய நாயும் விழுந்து கிடக்கிறது. வயலில் டிராக்டர் ஓட்டுபவன் சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட, வண்டி தன்பாட்டுக்குப் போய் மரத்தில் முட்டுகிறது. ஒரு வீட்டில் இஸ்திரிப்பெட்டி துணியின் மேல் இருந்தபடியே கருக்குகிறது. இன்னொரு வீட்டில் குழாய்த் தண்ணீர் வழிகிறது. இசைத்தட்டு ஓரிடத்திலேயே மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஊரே உறங்கிவிட்டது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை, பறக்கும் தட்டு இல்லை. பட்டப்பகல்.

ராணுவம் வருகிறது. எந்த இடத்தைத் தாண்டினால் ஆள் விழுகிறான் என்று கண்டுபிடிக்க, கூண்டில் ஒரு கேனரிக் குருவியை முன்னே நீட்டிப் பார்க்கிறார்கள். முகமூடி போட்ட சிப்பாய் ஒருவனை இடுப்பில் கயிறு கட்டி உள்ளே அனுப்புகிறார்கள். சில அடி நடந்தவன் சாய்கிறான். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மேலே பறந்து பார்க்கப் போன விமானம் கொஞ்சம் தாழ இறங்குகிறது, அவ்வளவுதான், விழுந்து நொறுங்குகிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் செம்பாக்கம்தான் மனசில் ஓடும். படத்தின் கிராமக் காட்சிகளை எடுத்தது லண்டனுக்கு வடக்கே லெட்ச்மோர் ஹீத் என்ற ஊரில். போர்ஹாம்வுட்டில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்குப் பக்கம். பெருநகரத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், ஆனால் தான் இன்னும் ஊர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடம். செம்பாக்கமும் அப்படித்தான். பேரூராட்சியாக இருந்து, நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டோம். ஆனாலும் ஏரிக்கரைப் பக்கம் போனால் இன்னும் கிராமத்து வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு எங்கள் ஊர் இப்படிச் சரிந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துபாருங்கள். மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் தொட்டி நிரம்பி வழியும். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, எண்ணுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். தெருமுனை இஸ்திரி வண்டியில் யாரோ ஒருவரின் ஆபீஸ் சட்டை கருகும். தொலைக்காட்சியில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பாள். வேளச்சேரி சாலையில் தண்ணீர் லாரி எதன் மேலாவது ஏறி நிற்கும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கூட்டம், உள்ளே வராமல், செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். கேனரிக்கு நாம் எங்கே போவது, ஜோசியக் கிளியைத்தான் நீட்ட வேண்டும். விமானத்துக்கு மட்டும் குறைவில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் வட்டமடிக்கின்றன. அந்தச் சத்தம் கேட்கும்போது அந்தக் காட்சி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இந்தப் படத்தின் முதல் பலம் இது. எந்த ஊருக்கும் பொருந்துகிற பயம். இயக்குநர் வுல்ஃப் ரில்லா ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை வால்டர் ரில்லா நடிகர். ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். அமைதியான ஊர் ஒரே நாளில் வேறாகிவிடும் என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கேயும் குரலை உயர்த்தாமல், ஏதோ செய்திப்படம் எடுப்பதுபோல் எடுத்திருக்கிறார்.

சில மணி நேரம் கழித்து ஊர் விழித்துக்கொள்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிகிறது, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் உண்டாகியிருக்கிறார்கள். மணமாகாத இளம்பெண்ணும் உண்டு. கணவன் ஒரு வருஷமாகக் கடலில் இருக்கிற பெண்ணும் உண்டு. பிரசவ இரவில் ஊர் ஆண்கள் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பிள்ளை பிறக்கிற இரவு என்றால் சிரிப்பும் கேலியும் இருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இப்படி ஒரு காட்சியை 1960-இல் எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அந்த நெஞ்சுரம் எல்லோருக்கும் இருக்கவில்லை. ஜான் விண்டம் 1957-இல் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்' நாவல்தான் மூலம். அமெரிக்காவிலேயே எடுப்பதாகத்தான் முதலில் திட்டம். ஆணின்றிக் கருத்தரிப்பது என்றால் கத்தோலிக்கர் மனம் புண்படும் என்று பயந்து நிறுத்திவைத்தார்கள். நாயகனாக நினைத்திருந்த ரொனால்ட் கோல்மன் 1958-இல் இறந்துபோனார். கடைசியில் படம் இங்கிலாந்துக்குப் போனது, பேராசிரியர் வேடம் ஜார்ஜ் சாண்டர்ஸுக்குப் போனது. கோல்மனின் மனைவி பெனிட்டா ஹியூமை மறுமணம் செய்துகொண்டவரும் இதே சாண்டர்ஸ்தான். சினிமா உலகத்தில் வேடம் மட்டும் கைமாறுவதில்லை.

பிள்ளைகள் வளர்கிறார்கள், வயதுக்கு மீறி வேகமாக. வெளுத்த முடி, நிலைத்த பார்வை. ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய காட்சி, பேராசிரியரின் மகன் டேவிட் கைக்குழந்தையாக இருக்கும்போது வருவது. தாய் ஆந்தியா, பார்பரா ஷெல்லி நடித்தது, பால்புட்டியைச் சற்று அதிகச் சூட்டோடு கொடுத்துவிடுகிறாள். குழந்தை அவளைப் பார்க்கிறது. அவள் எழுந்து போய்க் கொதிக்கிற நீரில் தன் கையை விடுகிறாள். விடுவது அவள் கைதான், விருப்பம் அவளுடையது இல்லை. பால் சுட்டதற்குத் தண்டனை. தாய் பிள்ளைக்குப் பயப்படுகிறாள். பயந்துகொண்டே பால் கொடுக்கிறாள், அதன் பிறகும் அவனைப் பிள்ளையாகவே நினைக்கிறாள்.

கண்கள் ஒளிரும் அந்தப் புகழ்பெற்ற வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கணினி வேலை எதுவும் கிடையாது. நெகட்டிவ் பிம்பத்தைக் கண் இருக்கும் இடத்தில் பொருத்தி ஒட்டிய ஒளியச்சு வேலை. அந்த நேரத்தில் முகம் அசைந்தால் பிசகிவிடும் என்பதால், பல இடங்களில் படத்தையே உறையவைத்திருக்கிறார்கள். அந்தக் குறையே நிறைவாகிவிட்டது. பிள்ளைகள் கண் இமைக்காமல், மூச்சு விடாமல் நிற்பதுபோல் தெரிகிறது. டேவிட்டாக வரும் மார்ட்டின் ஸ்டீவன்ஸ் என்ற சிறுவனின் நடிப்புக்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை. வங்கி மேலாளர் கடன் மறுப்பதுபோல் மரியாதையாகப் பேசுகிறான். பின்னாளில் நடிப்பை விட்டுவிட்டுக் கட்டடக் கலைஞர் ஆகிவிட்டார்.

விண்டம் தன் நாவலின் தலைப்பில் வைத்த குக்கூ, பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகிற பறவை. ஆங்கிலேயனுக்கு அதை நினைத்தால் முட்டைதான் முன்னால் வரும். நம் ஊர்க் குயிலும் அதே குடும்பம்தான், அதே திருட்டைக் காக்கைக் கூட்டில் செய்வதுதான். வைகாசி வெயிலில் எங்கள் தெரு வேப்பமரத்தில் காக்கைகள் குயிலைத் துரத்துவதை நீங்களும் உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். ஆனால் நம் கவிஞர்கள் யாருக்கும் அந்த முட்டை பெரிய விஷயமாகப் படவில்லை. பாட்டை எடுத்துக்கொண்டார்கள், முட்டையை மன்னித்துவிட்டார்கள். நம் சினிமாவுக்கு வேற்றுக் கிரகத்தார் வந்தபோதும் அதுதான் நடந்தது.

'கலை அரசி'யின் கதையைக் கேளுங்கள். எங்கோ ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறியவர்கள். ஆனால் அங்கே கலை வளரவில்லை. ஆடவும் பாடவும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்காகப் பூமிக்கு வருகிறார்கள். தங்கமோ நிலமோ வேண்டாம், அடிமைகளும் வேண்டாம். ஒரு பாட்டு டீச்சர் போதும். வாணி என்ற பெண் பாடுவது பிடித்துப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் தின்னாவாக எம்.என். நம்பியார். வாணியாக பி. பானுமதி. அவளைக் காதலிக்கும் உழவன் மோகனாக எம்.ஜி.ஆர். காதலியைத் தேடி அவரும் விண்வெளிக்குப் போகிறார்.

யோசித்துப் பாருங்கள், உலகத்து அறிவியல் புனைகதைகளில் எத்தனை படையெடுப்பு வந்திருக்கிறது. தண்ணீர் கேட்டு வந்தார்கள், ரத்தம் கேட்டு வந்தார்கள், மிட்விச்சில் கருப்பையைக் கேட்டு வந்தார்கள். சங்கீதம் கேட்டு வந்தவர்கள் நம்பியார் கோஷ்டிதான். மார்கழி சீசனில் சபா கேன்டீனில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னால் யாரும் இதைக் கற்பனை என்று நினைக்க மாட்டார்கள், நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைப்பார்கள்.

படத்தை இயக்கியவர் ஏ. காசிலிங்கம். 1950-இல் எம்.ஜி.ஆரை வைத்து 'மருதநாட்டு இளவரசி' எடுத்தவர். எழுதியவர் ரவீந்தர், 'நாடோடி மன்னன்' வசனத்தில் கண்ணதாசனோடு பங்கு கொண்டவர். இசை கே.வி. மகாதேவன். ராஜா ராணிக் கதைகளில் கைதேர்ந்த கூட்டம். அதனால் அந்தக் கிரகமும் அரண்மனையாகத்தான் இருக்கிறது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், அங்குள்ள கோமாளியும் அவர்தான். பானுமதிக்கும் இரட்டை வேடம், மனம் பேதலித்த ஏழைப் பெண்ணும் அவர்தான். மந்திரவாதி இருந்த இடத்தில் விஞ்ஞானி, பறக்கும் கம்பளம் இருந்த இடத்தில் பறக்கும் தட்டு. மற்றபடி ஆள்மாறாட்டம், சொத்து ஆசை, காதல், சண்டை எல்லாம் பழைய பாத்திரத்தில் பழைய குழம்பு.

இருந்தாலும் காலத்தைப் பாருங்கள். ககாரின் விண்ணுக்குப் போனது 1961 ஏப்ரல். 'கலை அரசி' வந்தது 1963 ஏப்ரல். விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலென்டினா தெரஷ்கோவா கிளம்பியது அந்த வருஷம் ஜூனில். பானுமதி இரண்டு மாதம் முந்திக்கொண்டார். தும்பாவிலிருந்து இந்தியா முதல் ராக்கெட்டை விட்டது அதே வருஷம் நவம்பர் 21. நாடு ராக்கெட் விடுவதற்கு ஏழு மாதம் முன்பே கோடம்பாக்கம் ஆளை அனுப்பிவிட்டது. இதற்காகவே காசிலிங்கத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பானுமதியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு சபாஷ். வேறு எந்த நாயகியைக் கடத்திக்கொண்டு போயிருந்தாலும், அந்தக் கிரகத்தார் போன பிறகு ஏமாந்திருப்பார்கள், பாடியது பின்னணிப் பாடகி என்று தெரிந்திருக்கும். பானுமதி தன் பாட்டைத் தானே பாடுபவர். நடிகை, பாடகி, எழுத்தாளர், 'சண்டிராணி'யை இயக்கியவர், பரணி ஸ்டுடியோவின் சொந்தக்காரர்களில் ஒருவர். படத்தில் அவரைக் கடத்துகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கமே வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1985-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, பானுமதி தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வரானார். வேற்றுக் கிரகத்தார் கேட்ட உத்தியோகம், இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சென்னையிலேயே கிடைத்தது.

சரி, இவ்வளவு அருமையான யோசனை ஏன் நம்மைப் பயமுறுத்தவில்லை? காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். எம்.ஜி.ஆர். இருக்கிறார். அவர் இருக்கும் படத்தில் வாணிக்கு ஒன்றும் ஆகாது என்று டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். எந்தக் கிரகமானால் என்ன, சண்டை எம்.ஜி.ஆருக்கும் நம்பியாருக்கும்தான், அதில் யார் ஜெயிப்பார்கள் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. பயம் என்பது கையாலாகாத நிலையிலிருந்து வருவது. நாயகனுக்குக் கை ஓங்கியே இருந்தால் பயத்துக்கு உட்கார இடம் கிடைக்காது. மிட்விச்சில் நாயகன் ஐம்பது தாண்டிய பேராசிரியர். ஓடத் தெரியாது, அடிக்கத் தெரியாது. எதிரில் நிற்பதோ அவர் நினைப்பதையே படிக்கிற பிள்ளைகள்.

படத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன். அறுபது வருஷம் தாண்டிய படம், மன்னித்துக்கொள்ளுங்கள். ஜெல்லபி பெட்டியில் வெடிகுண்டோடு வகுப்பறைக்குள் போகிறார். பிள்ளைகள் மனசைப் படித்துவிடுவார்கள், குண்டை நினைத்தால் தெரிந்துவிடும். அதனால் வேறொன்றை நினைத்தாக வேண்டும். ஒரு செங்கல் சுவரை நினைக்கிறார். சுவர், சுவர், சுவர். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கண்கள் எரிகின்றன. திரையில் அவர் முகத்தின் மேல் செங்கல் சுவர் தெரிகிறது. ஒவ்வொரு கல்லாகப் பெயர்ந்து விழுகிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதையோ நினைக்கிறான், அதுதான் சண்டைக்காட்சி. தியானம் செய்ய உட்கார்ந்து, குரங்கை நினைக்காதே என்றதும் குரங்காகவே நினைத்துத் தோற்ற நமக்கு, அந்தச் சுவர் எவ்வளவு கனம் என்று தெரியும். குண்டு வெடிக்கும்போது அவரும் உள்ளேதான் இருக்கிறார். அவருடைய மகனும் உள்ளேதான் இருக்கிறான்.

இந்த வகையில் நம் சினிமாவுக்குப் பிறகு என்ன நேர்ந்தது? 1989-இல் வேலு பிரபாகரன் 'நாளைய மனிதன்' எடுத்தார். செத்தவனை மருந்தால் எழுப்புகிற கதை, எழுந்து வருபவர் அஜய் ரத்னம். ஃபிராங்கென்ஸ்டைன் வம்சம். இங்கிலாந்தில் ஹாமர் நிறுவனம் 1957-இல் பீட்டர் குஷிங்கையும் கிறிஸ்டோபர் லீயையும் வைத்து வண்ணத்தில் எடுத்த வம்சம். தமிழில் அறிவியலைக் கொண்டு நிஜமாகவே பயமுறுத்தப் பார்த்த முயற்சி என்று அதைச் சொல்லலாம். அடுத்த வருஷமே 'அதிசய மனிதன்' என்று தொடர்ச்சியும் வந்தது. ஆனால் 'நாளைய மனித'னிலும் காப்பாற்ற நாயகன் பிரபு இருக்கிறார்.

பிள்ளையைக் கண்டு பயப்படுகிற படம்கூட நம்மிடம் வந்தது. 1991-இல் தக்காளி சீனிவாசன் எடுத்த 'ஜென்ம நட்சத்திரம்'. 'தி ஓமன்' படத்தின் தமிழ் வடிவம். அதை ஏற்றுக்கொண்டோம், ஏனென்றால் அந்தப் பிள்ளை சாத்தானுடையது. சாத்தான் என்றால் சாமி இருக்கிறது, பூசாரி இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார், கேட்க ஓர் இடம் இருக்கிறது. டேவிட் விஷயத்தில் யாரிடம் போய்க் கேட்பது? மிட்விச் பாதிரியாரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். தாய்ப் பாசத்துக்கு எதிரில் அறிவியலை நிறுத்துகிற அந்தத் துணிச்சல் நம் திரையில் இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா என்றதும் நாம் பாட்டுப் போட்டுவிடுகிறோம்.

ஒரு மாற்றம் 2016-இல் தெரிந்தது. சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்'. ஊட்டியில் ஒரு தொற்று, மனிதர்கள் மிருகமாகிறார்கள். ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலர். சுடுகிறார், காப்பாற்றுகிறார், எல்லாம் செய்கிறார், கடைசியில் அந்தத் தொற்று அவரையே பிடித்துக்கொள்கிறது. படத்தில் ஓட்டைகள் பல. ஆனால் நாயகனையே கைவிடத் தயாரான அந்த ஓர் இடத்துக்காக அதை மதிக்கிறேன். எம்.ஜி.ஆர். காலத்தில் அப்படி ஒரு முடிவை வைத்திருந்தால் தியேட்டர் நாற்காலி மிஞ்சியிருக்காது.

பிரிட்டிஷ் படத்துக்கு 1964-இல் ஒரு தொடர்ச்சி வந்தது, 'சில்ட்ரன் ஆஃப் தி டேம்ன்ட்'. அதில் ஆறு நாடுகளிலிருந்து ஆறு பிள்ளைகளை லண்டனுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருவன் இந்தியச் சிறுவன். அங்கே பிள்ளைகள்மேல் இரக்கம் வருகிறது, நாடுகள்மேல் பயம் வருகிறது. படம் முதல் படத்தின் அருகில் நிற்காது. ஜான் கார்ப்பென்டர் 1995-இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்ததையும் பார்க்காமல் இருந்தால் நஷ்டமில்லை.

பார்ப்பவர்கள் முதலில் 'கலை அரசி'யைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டோடு உட்கார்ந்து. பானுமதி பாடும்போது வேறு வேலை பார்க்காதீர்கள். சொத்துத் தகராறு வரும் இடங்களில் காபி போட்டுக்கொள்ளலாம். மிட்விச் படம் வெறும் எழுபத்தேழு நிமிஷம். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குப் போட்டால் பத்தரைக்குள் படுத்துவிடலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். அவர்கள் பயந்துவிடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நடுவில் எழுந்து வந்து கதவோரத்தில் பேசாமல் நின்று உங்களைப் பார்த்தால், உங்கள் பாடுதான் திண்டாட்டம்.